கடல் கடந்து வந்த குடிகள்

ஊர்ப் பெயர்கள் பழஞ்செய்திகளைப் பொதிந்து வைத்திருக்கும் பேழைகள் ஆகும். சென்னைக்குத் தெற்கே, தாம்பரத்திற்கும் பல்லாவரத்திற்கும் இடையே குரோம்பேட்டை என்னும் ஊர் உள்ளது. அப்பெயரின் பிற்பகுதியாகிய பேட்டை என்பது தமிழ்நாடெங்கும் வழங்கும் சொல். முற்பகுதியாகிய குரோம் என்பதோ அயல்நாட்டுச் சொல். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே ஒரு தோல் தொழிற்சாலை ஏற்பட்டது. குரோமிய உப்பைக் கொண்டு தோலைப் பதனிடும் புதுமுறை அங்குக் கையாளப்பட்டது. அத்தொழிலின் பெயரே நாளடைவில் ஊரின் பெயராயிற்று.

குரோம்பேட்டையில் மின்சார இரயிலேறி வடக்கு நோக்கிச் செல்வோர் பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம், பழவந்தாங்கல் ஆகிய நிலையங்களைக் கடந்து பரங்கிமலையை அடைவர். பரங்கி என்பதும் அயற்சொல்லே. ஐரோப்பிய நாட்டாரைப் பாரசீகரும் அராபியரும் குறித்த சொல், தமிழில் பரங்கி எனத் திரிந்து வழங்கிற்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் மயிலாப்பூரில் குடியேறினர். இம்மலையின் உச்சியில் தேவாலயம் ஒன்றும் கட்டினர். அதனால் மலை பரங்கிமலை ஆயிற்று.

இவ்விரு பெயர்களிலும் அயற்சொல் உண்டு. ஆயினும் இவை உணர்த்தும் செய்தி ஒன்றன்று. முதற்பெயர், ஒரு தொழில்முறை வந்ததை மட்டும் கூறுகிறது. இரண்டாம் பெயர், அயல்நாட்டு மக்களே வந்து தங்கியதைக் கூறுகிறது. இன்னும் ஈராயிரம் ஆண்டு கழித்து இவ்விரு பெயர்களை மட்டும் கேட்கும் ஒருவன், இவ்வேறுபாட்டை எவ்வாறு உணர்வான்? இரண்டு ஊர்களிலும் அயல்நாட்டார் வாழ்ந்தனர் என்று அவன் துணிந்துவிட்டால், அது பிழையான முடிபாகலாம் அன்றோ?

இதே வினா, ஈராயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட தமிழ்நாட்டுத் துறைமுகங்களை ஆராய்வோர் முன்னும் நிற்கிறது. அந்நாளில் கடல் கடந்து வந்த யவனர், பண்டங்களை இறக்கிவிட்டு மீண்டுவிட்டனரா? அன்றி, இந்நாட்டில் மனையமைத்துத் தங்கி வாழ்ந்தனரா?

பொருள் வேறு, ஆள் வேறு

மண்ணுள் அயல்நாட்டுப் பொருள் ஒன்று கிடைத்தவுடன், அயல்நாட்டார் அங்கு வாழ்ந்தனர் என்று கருதுவது எளிது. ஆனால் பொருள் தானே நடந்து வருவதன்று. பல கைகள் மாறி வருவது. ஒரு நாட்டில் வார்த்த காசு, பத்து வணிகரின் கை மாறி, அந்நாட்டான் ஒருவனும் கால் வைத்தறியாத சிற்றூரையும் அடையக்கூடும்.

இவ்வுண்மைக்குக் கீழ்த்திசையிலுள்ள கொரியா நாடு நல்லதோர் எடுத்துக்காட்டு. அந்நாட்டில் சில்லா என்னும் பழைய அரசு இருந்தது. அதன் தலைநகராகிய கியோங்சுவில் ஐந்து, ஆறாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அரச கல்லறைகளில் உரோம நாட்டுப் பாங்கில் அமைந்த கண்ணாடிக் கலங்கள் கிடைத்தன. அவற்றைக் கொண்டு உரோமர் கொரியாவில் குடியேறினர் என்று எவரும் கூறார். கலங்கள் பாலைவழிகளையும் மலைவழிகளையும் கடந்து கைமாறி வந்தன.

அந்நாட்டின் மற்றோர் அரசாகிய பேக்சேயின் மன்னன் முரியோங் என்பவனது கல்லறை 1971-ஆம் ஆண்டில் சிதையாமல் கண்டறியப்பட்டது. அது தென்சீனத்து முறைப்படி செங்கல்லால் கட்டப்பெற்றது. சவப்பெட்டியின் மரமோ சப்பானில் வளரும் ஒருவகை மரம். ஆயினும் உள்ளே துயின்றவன் சீனனும் அல்லன், சப்பானியனும் அல்லன், அந்நாட்டு மன்னனே என்பதை அங்குக் கிடைத்த கல்லெழுத்து ஐயமின்றி உணர்த்திற்று. அக்கல்லெழுத்து இல்லாதிருப்பின் எத்தனை தவறான முடிபுகள் எழுந்திருக்கும்!

ஆகவே, குடியேற்றத்தை நாட்டுவதற்குப் பண்டத்தினும் உறுதியான சான்று வேண்டும். அத்தகைய சான்றுகளை நான்காக வகுத்துக் கொள்ளலாம். முதலாவது, அடுக்களைச் சான்று. விலைக்கு வாங்கும் அழகிய கலங்களை எவரும் வாங்குவர்; ஆனால் கரி படிந்த சமையற் பானையையும் தன் நாட்டு உணவையும் உடன் கொண்டு வருபவன், அவற்றை உண்டு வாழ்பவனே. இரண்டாவது, எழுத்துச் சான்று. எழுத்து, அதனைப் படிப்பவர் உள்ள இடத்திலேயே பயன்படும். மூன்றாவது, கோவிலும் இடுகாடும். வழிப்போக்கன் கோவில் கட்டுவது அரிது. நான்காவது, உரிமைச் சான்று. ஒரு நாட்டு அரசன் நிலமும் வரிவிலக்கும் கொடுத்தான் எனின், பெற்றவர் அந்நாட்டில் வேரூன்றியவரே ஆவர்.

அறிந்த ஒன்றைக் கொண்டு அளத்தல்

அளவுகோலை முதலில் அறிந்த பொருளின்மேல் வைத்துச் சரிபார்த்தல் வேண்டும். அதற்கு ஏற்ற எடுத்துக்காட்டும் பரங்கிமலையிலேயே உள்ளது. மலையுச்சிக்கு ஏறும் படிகளைக் கட்டுவித்தவர் கோசா பெத்ரூசு உசுகான் என்னும் ஆர்மீனிய வணிகர். சைதாப்பேட்டையில் அடையாற்றின்மேல் 1726-ஆம் ஆண்டில் பாலம் அமைத்தவரும் அவரே. அப்பாலம் இருந்த இடத்தில் பின்னர்ப் புதிய பாலம் கட்டப்பட்டது. அது இன்று மறைமலையடிகள் பாலம் எனப்படுகிறது. பழைய பாலத்தின் கல்வெட்டு அதன் அருகே நிற்கிறது.

ஆர்மீனியர், பாரசீகத்தின் சூல்பா நகரிலிருந்து வணிகத்தின் பொருட்டுச் சென்னைக்கு வந்தனர். அவர்கள் வாழ்ந்த தெரு இன்றும் அவர்கள் பெயரால் வழங்குகிறது. அத்தெருவில் 1772-ஆம் ஆண்டில் கட்டிய தேவாலயம் உள்ளது; அதன் முற்றத்தில் ஆர்மீனிய எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்கள் பல கிடக்கின்றன. ஆர்மீனிய மொழியில் உலகில் முதன்முதல் தோன்றிய இதழாகிய அசுதரார், 1794-ஆம் ஆண்டில் சென்னையிலேதான் அச்சேறியது. படிப்பவர் இல்லாத ஊரில் இதழ் தோன்றுமா? எழுத்தும், கோவிலும், இடுகாடும், ஊருக்குச் செய்த அறமும் ஒருங்கே நின்று, இம்மக்கள் இங்கு வாழ்ந்து மாய்ந்தனர் என்பதைக் கூறுகின்றன. அளவுகோல் பிழைபடவில்லை. இனி அதனைப் பழங்காலத்தின்மேல் வைத்துக் காண்டல் தகும்.

இலக்கியம் காட்டும் யவனர்

யவனர் என்னும் சொல் முதற்கண் கிரேக்கரைக் குறித்தது. ஆசியாவின் மேற்குக் கரையிலுள்ள அயோனியா என்னும் கிரேக்கர் நாட்டின் பெயரே இவ்வாறு திரிந்தது என்பர். பின்னர் உரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த மேலைநாட்டார் அனைவரையும் அச்சொல் குறிக்கலாயிற்று.

சங்க நூல்களில் யவனரைப் பற்றிய குறிப்புகள் பல. யவனர் மரக்கலங்கள் பொன்னொடு முசிறிக்கு வந்து மிளகொடு மீண்டன என்று அகநானூறு கூறுகிறது. அவர் கொணர்ந்த தேறலைப் புறநானூறும், அவர் செய்த பாவை விளக்கை நெடுநல்வாடையும் குறிக்கின்றன. அரசனது பாசறையில் பணி புரிந்த யவனரை முல்லைப்பாட்டு காட்டுகிறது. மதுரைக் கோட்டை வாயிலைக் காத்த யவனரையும், புகார் நகரின் கடற்கரையில் இருந்த யவனர் இருக்கைகளையும் சிலப்பதிகாரம் பேசுகிறது. மணிமேகலையோ மகதம், மராட்டம், அவந்தி ஆகிய நாட்டுத் தொழிலாளரோடு யவனத் தச்சரும் தமிழ்நாட்டுக் கம்மியரும் கூடி வேலை செய்ததைக் கூறுகிறது.

வணிகன், வீரன், காவலன், தச்சன் எனப் பல நிலையில் யவனர் காணப்படுகின்றனர். வந்து போகும் வணிகனை விடுத்து நோக்கினும், கோட்டை வாயிலைக் காப்பவன் ஆண்டு முழுதும் அங்கிருத்தல் வேண்டும். மாளிகை கட்டும் தச்சனும் நெடுநாள் தங்குதல் வேண்டும். இலக்கியம் குடியேற்றத்தை உணர்த்துவது தெளிவு. எனினும் காப்பியங்கள் பாடப்பெற்ற காலம், அவை கூறும் காலத்திற்குப் பிற்பட்டது. ஆதலின் மண்ணின் சான்றையும் கேட்டல் முறையாகும்.

காற்றும் ஒரு காரணம்

யவனர் தங்க நேர்ந்தமைக்குக் கடற்காற்றே முதற்காரணம் எனலாம். எகிப்து நாட்டின் செங்கடல் துறைகளிலிருந்து மரக்கலங்கள் ஏறத்தாழ ஆடித் திங்களில் புறப்பட்டன. தென்மேற்குப் பருவக்காற்று அவற்றை மேலைக் கடற்கரைக்குக் கொணர்ந்தது. மீண்டு செல்ல வடகிழக்குக் காற்று வேண்டும். மார்கழி, தை மாதங்களில் முசிறியிலிருந்து கலங்கள் திரும்பின என்று உரோம நாட்டுப் பிளினி எழுதியுள்ளார்.

ஆகவே, வந்த வணிகன் விரும்பினாலும் விரும்பாவிடினும் சில திங்கள் காத்திருத்தல் வேண்டும். அக்காலத்தில் அவனுக்கு உறையுள் வேண்டும், பண்டசாலை வேண்டும். கப்பல் திரும்பிய பின்னும், அடுத்த ஆண்டுக்கு வேண்டிய மிளகை விலை குறைந்த காலத்தில் வாங்கிச் சேர்த்து வைக்க நம்பிக்கைக்குரிய ஒருவன் இருப்பின் வணிகர்க்கு ஆதாயம் மிகும். இவ்வாறு காற்றின் முறையும் வணிகத்தின் தேவையும் கூடி ஒருசிலரைக் கரையில் நிறுத்தும் என்பது இயல்பே.

காசு கூறாத செய்தி

தமிழ்நாட்டில் உரோமக் காசுகள் ஏராளமாகக் கிடைத்துள்ளன. கோவை, கரூர், மதுரை முதலிய பகுதிகளில் அவை புதையலாகவும் தனியாகவும் கிடைத்தன. 1898-ஆம் ஆண்டில் புதுக்கோட்டைப் பகுதியில் 501 பொற்காசுகள் ஒருங்கே கிடைத்தன. அவற்றுள் மிகப் பலவற்றில் பேரரசனது முகத்தின்மேல் உளியால் வெட்டிய குறி காணப்பட்டது.

இக்குறியின் பொருள் யாது? காசாக வழங்க வேண்டா, பொன்னாக மட்டும் கொள்க என்று அடையாளமிட்டனர் என்று அறிஞர் கருதுவர். பேரரசனது தலையை மதிக்கும் உரோமன் அத்தகைய வெட்டை இடான். எனவே இப்புதையல், பொன்னின் எடையை மட்டும் மதித்த இந்நாட்டாரின் செல்வம் எனக் கொள்வதே பொருத்தம். இவ்வளவு பொன் கிடைத்தும், ஒரு யவனனும் புதுக்கோட்டையில் வாழ்ந்தான் என்று அது கூறவில்லை. காசு, வணிகத்தின் அளவைக் கூறும். வாழ்ந்தவரின் பெயரைக் கூறாது.

அரிக்கமேடு கற்பித்த பாடம்

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றின் கரையில் அரிக்கமேடு உள்ளது. மேலைநாட்டு மாலுமியர் பொதுகே என்று குறித்த துறை இதுவே என்பர். இங்கு 1945-ஆம் ஆண்டில் இந்தியத் தொல்லியல் துறையின் தலைவராக இருந்த மார்ட்டிமர் வீலர் அகழ்ந்தார். இத்தாலியிலுள்ள அரெசோ நகரின் பாங்கில் செய்த செந்நிற மெருகுக் கலங்களும், அம்போரா என்னும் இருபிடிச் சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அக்கலங்கள் கி. பி. முதல் நூற்றாண்டின் முற்பகுதியைச் சேர்ந்தவை எனத் தெரிந்தமையால், அதே மண்ணடுக்கில் கிடந்த தமிழ்நாட்டுப் பானைகளின் காலத்தையும் கணிக்க முடிந்தது. தென்னாட்டுத் தொல்லியலுக்கு இஃது ஒரு பெரும் பேறு.

வீலர் இவ்வூரை யவனர் வணிக நிலையம் எனக் கருதினார். உட்புறத்தில் வட்டவட்டமாகப் புள்ளிக்கோடு பொறித்த ஒருவகைத் தட்டுகளும் மிகுதியாகக் கிடைத்தன. அவையும் மேலைநாட்டிலிருந்து வந்தவை என்று அவர் எண்ணினார். பல்லாண்டு அக்கருத்தே வழங்கிற்று. பின்னர் அத்தட்டுகளின் களிமண்ணையும் செய்முறையையும் ஆராய்ந்தபோது, அவை இந்தியாவிலேயே வனையப்பட்டவை என்பது புலனாயிற்று. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி தலைமையில் நிகழ்ந்த மறு அகழ்வாய்வு, யவனர் வருகைக்கு முன்னரே அரிக்கமேட்டில் மக்கள் வாழ்ந்து தொழில் புரிந்தனர் என்பதை நிலைநாட்டிற்று. மணி செய்தவரும் சங்கு அறுத்தவரும் இந்நாட்டுத் தொழிலாளரே. யவனர் ஒரு புது நகரைப் படைத்திலர். இருந்த நகருக்கு அவர் வந்தனர்.

இதனால் யவனர் அங்குத் தங்கவே இல்லை என்று கூறலாமா? அதுவும் அவசர முடிபே ஆகும். அடுக்களைச் சான்று ஈண்டு உதவுகிறது. இருபிடிச் சாடிகள் யாவும் தேறல் நிரம்பியவை அல்ல. சில சாடிகள் ஒலிவ எண்ணெய் கொணர்ந்தவை. வேறு சில, மீனை உப்பிலிட்டு ஊறவைத்து வடித்த குழம்பைக் கொணர்ந்தவை. தேறலைத் தமிழரும் விரும்பி வாங்கினர். எள்ளெண்ணெய் மிகுந்த நாட்டில் ஒலிவ எண்ணெயை விரும்பி வாங்குபவர் யார்? ஊரறியா மீன்குழம்பை நாடுபவர் யார்? அச்சுவையில் வளர்ந்த மேலைநாட்டாரே அவற்றை வேண்டியிருப்பர் என்று சாடிகளை ஆய்ந்தோர் கருதினர். எனவே, தமிழர் நகரின் ஒருபால் சிலகாலம் யவனர் சிலரும் வாழ்ந்தனர் என்பதே இன்றைய சான்றுகட்கு ஒத்த முடிபு. பொன்னால் கூற முடியாத செய்தியை உடைந்த எண்ணெய்ச் சாடி கூறிவிட்டது.

முசிறியும் புகாரும்

மேலைக் கரையில் முசிறி பெருந்துறையாக விளங்கிற்று. கேரளத்தில் கொடுங்கல்லூருக்கு அருகிலுள்ள பட்டணம் என்னும் ஊரில் 2007-ஆம் ஆண்டு முதல் கேரள வரலாற்று ஆராய்ச்சிக் கழகத்தார் அகழ்ந்தனர். இருபிடிச் சாடிகளின் உடைசல்கள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. செங்கல் கட்டடமும் மரத்தோணி ஒன்றும் வெளிப்பட்டன. அதுவே முசிறி என்று அறிஞர் பலர் கருதுகின்றனர்.

உரோமர் காலத்து வழிப்படம் ஒன்று, நடுக்காலத்தில் படியெடுக்கப்பெற்று வியன்னா நகரில் உள்ளது. அதில் முசிறியின் அருகே அகஸ்டஸ் கோவில் என்று குறித்துக் கட்டடம் ஒன்று வரையப்பட்டுள்ளது. அகஸ்டஸ் உரோமரின் முதற் பேரரசன். அவனுக்குக் கோவில் எடுப்போர் அப்பேரரசின் குடிகளே அன்றிச் சேரநாட்டார் ஆகார். படம் உண்மை கூறுமாயின், முசிறியில் யவனர் குடியிருப்பு இருந்தது உறுதி. ஆயினும் அக்கோவிலின் அடிக்கல் மண்ணில் வெளிப்பட்டிலது. புகாரிலும் நிலைமை இதுவே. 1960-களில் கீழையூரில் நிகழ்ந்த அகழ்வாய்வில் செங்கல்லால் கட்டிய படகுத்துறை கிடைத்தது. யவனர் மனை எனத் துணிந்து சுட்டத்தக்க கட்டடம் கிடைத்திலது. நூலும் படமும் கூறுவதை மண் மறுக்கவில்லை. முழுவதும் உடன்படவும் இல்லை.

எகிப்தில் வாழ்ந்த தமிழர்

கடல்வழி ஒருபாற் பட்டதன்று. இங்கு வந்தவரைப் போன்று, இங்கிருந்து சென்றவரும் உண்டு. எகிப்தின் செங்கடற் கரையில் பெரனிகே, குசேர் அல் காதிம் என்னும் இரு பழந்துறைகள் அகழப்பட்டன. அங்குக் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமி எழுத்துகள் காணப்பட்டன. குசேரில் கணன், சாதன் என்னும் பெயர்களும், பெரனிகேயில் கொற்றபூமான் என்னும் பெயரும் படிக்கப்பட்டன. பெரனிகேக் கோவில் முற்றத்தில், இந்தியப் பெருஞ்சாடி ஒன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது.

மிளகு விலைப்பொருள்; ஆதலால் அஃது ஆளைக் காட்டாது. பானை மேல் எழுதிய பெயரோ உடைமையாளனைக் காட்டுகிறது. அதனினும் உறுதியானது மற்றொன்று. அத்துறைகளில் இந்தியாவில் வனைந்த சமையற் பானைகளும் கிடைத்தன. அரிசியும் பயறும் கிடைத்தன. சமையற் பானையைக் கடல் கடந்து கொண்டு சென்று விற்க எவரும் முயலார். தம் ஊர்ப் பானையில் தம் ஊர் அரிசியைச் சமைத்து உண்டவர் சிலர் அப்பாலைக் கரையில் காற்று மாறும் வரை காத்திருந்தனர் என்பதையே அவை உணர்த்துகின்றன. அரிக்கமேட்டில் மீன்குழம்புச் சாடி எதனைக் கூறிற்றோ, அதனையே பெரனிகேயில் சோற்றுப் பானை கூறுகிறது. இரு நாட்டாரையும் ஒரே அளவுகோலால் அளப்பதே நடுவுநிலைமை.

செப்பேடும் சிலுவையும்

யவனர் வாணிகம் தளர்ந்த பின்னர்ப் பாரசீகரும் அராபியரும் யூதரும் தென்னாட்டுத் துறைகட்கு மிகுதியாக வந்தனர். இவர்கள் வேரூன்றியமைக்கு எழுத்தும் உரிமையும் ஆகிய இரு சான்றுகளும் உள்ளன.

கி. பி. 849-ஆம் ஆண்டில் சேரமன்னன் தாணு இரவியின் ஆட்சிக் காலத்தில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள், கொல்லத்தில் மார் சபீர் ஈசோ என்பவர் எடுப்பித்த தரிசாப்பள்ளிக்குச் செப்பேடு வழங்கினார். நிலமும், அதில் தொழில் புரியும் குடிகளும், வரிவிலக்கும் அப்பள்ளிக்கு அளிக்கப்பட்டன. செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. ஆனால் சான்றாளர் கையொப்பங்களோ மூன்று அயல் எழுத்துகளில் உள்ளன. சிலர் அரபு எழுத்திலும், சிலர் பாரசீகப் பஃலவி எழுத்திலும், சிலர் யூதரின் எபிரேய எழுத்திலும் பெயர் பொறித்தனர். சான்றாளன் எனப்படுபவன் வழக்கு நேரின் வந்து நிற்க வேண்டியவன். ஊரார் அறியாத வழிப்போக்கனை எவரும் சான்றுக்கு வையார். மூன்று சமயத்தார் ஓர் உரிமைக்கு ஒருங்கே சான்று நின்ற அவ்வேடு, தென்னாட்டின் அரசியல் பெருந்தன்மைக்கும் ஒரு சான்றாகும்.

இந்தப் பஃலவி எழுத்தைக் காணக் கொல்லம் வரை செல்ல வேண்டுவதில்லை. 1547-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் பரங்கிமலையில் தேவாலயத்திற்கு நிலம் தோண்டியபோது, சிலுவை செதுக்கிய கற்பலகை ஒன்று கிடைத்தது. சிலுவையைச் சூழ்ந்து எழுத்துகள் இருந்தன. படிக்கத் தெரிந்தவர் நெடுங்காலம் இலர். 1873-ஆம் ஆண்டில் பர்னல் என்னும் அறிஞர் அவை பஃலவி எழுத்துகள் என்று விளக்கினார். அவ்வெழுத்தின் முழுப்பொருள் குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. கோட்டயம், கடமற்றம் முதலிய ஊர்த் தேவாலயங்களிலும் இத்தகைய சிலுவைகள் உள்ளன. பரங்கியர் வருவதற்குப் பல நூற்றாண்டு முன்னரே பாரசீகத் தொடர்புடைய கிறித்தவர் இக்கரையில் வழிபட்டனர் என்பதற்கு இக்கற்களே சான்று. பரங்கிமலை என்னும் பெயர் நினைவூட்டும் மக்கள், அம்மலையை அடைந்த அயலாருள் முதல்வர் அல்லர். பெயர் மறந்துவிட்டதைக் கல் நினைவில் வைத்திருந்தது.

கலந்தவர் சுவடு

இவற்றையெல்லாம் ஆராயுமிடத்து ஓர் அரிய உண்மை புலனாகிறது. வந்த முதல் தலைமுறை தன் நாட்டு எண்ணெயை நாடும். தன் எழுத்தை எழுதும். அவர்தம் மக்கள் இவ்வூர்ப் பானையில் சமைப்பர். இவ்வூர் மொழியைப் பேசுவர். பெயரன் காலத்தில் அயலான் என்னும் அடையாளமே மறையும். ஆதலின், எங்குக் குடியேற்றம் முழுமையாக நிறைவேறியதோ, அங்கு மண்ணில் கிடைக்கும் சான்று குறையும். ஒதுங்கி வாழ்ந்தவன் சுவடு விட்டுச் செல்கிறான். கலந்து வாழ்ந்தவன் மக்களோடு மக்களாகி விடுகிறான். புகாரில் யவனர் மனை கிடைக்காமைக்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

எனவே, பழங்காலத்தை ஆராய்வோர்க்கு இரண்டு கடமைகள் உண்டு. உடைந்த ஓடு ஒன்றைக் கண்டவுடன் ஒரு நகரத்தையே கற்பித்துக்கொள்ளாமை ஒன்று. ஓடு கிடைக்காமையால் மக்களே இருந்திலர் என்று மறுத்துவிடாமை மற்றொன்று. அரிக்கமேட்டில் வீலரின் கருத்தைப் பின்வந்தோர் திருத்த முடிந்ததற்குக் காரணம், எப்பொருள் எந்த மண்ணடுக்கில் எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பதை அவர் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தமையே ஆகும். கிடந்த இடம் தெரியாத ஓடு, பெயர் கிழிந்த கடிதம் போன்றது.

ஏரிக் கரையிலோ, கிணறு தோண்டும் இடத்திலோ, வீட்டுக்கு அடித்தளம் இடும் குழியிலோ பழைய ஓடும் காசும் வெளிப்படுதல் இன்றும் நிகழ்கிறது. அவற்றைக் காணும் மாணவர், விளையாட்டாகப் பெயர்த்து எடுத்து வருதல் தகாது. கிடந்தபடியே விட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, ஆசிரியர் வாயிலாகத் தொல்லியல் துறையினர்க்கு அறிவித்தல் வேண்டும். கடல் கடந்து வந்து இம்மண்ணில் உறங்கும் ஒருவனது வரலாறு, அவ்வோட்டையும் அது கிடந்த இடத்தையும் மட்டுமே பற்றி நிற்கக்கூடும்.